மேடையேறிய அயலான்



இந்த வாரச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் தேசத்து நாடக மேடைகளில் இஸ்லாமியர் எவ்வாறு காட்டப்பட்டனர் என்பதைக் குறித்து எழுத விரும்புகிறேன். நாடகம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் மூத்தோர் நம் நடுவே உண்டு. அவர்கள் சற்றுப் பொறுமையோடு வாசிக்கும்படி வேண்டுகிறேன். அந்த நாடகங்களை எழுதிய பெரும் புலவர்கள் குருத்துவ அபிஷேகம் பெற்றவர்கள். லோப்பே தே வேகா 1614-இல் குருவானார். கால்தெரோன் தே லா பார்கா 1651-இல் குருவானார். மூன்றாமவரான திர்சோ தே மொலினா, சிறைப்பட்டோரை மீட்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு துறவற சபையைச் சேர்ந்தவர். நாடகங்களைப் பார்த்தவர்கள் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குச் சென்றவர்கள். மேடையில் நகைப்புக்கு உள்ளானவர்களோ ஞானஸ்நானம் பெற்று, அதே ஆலயங்களின் பதிவேடுகளில் பெயர் எழுதப்பட்டவர்கள். ஆகவே இது திருச்சபை வரலாற்றின் ஒரு பக்கம். நாம் அதிகம் புரட்டாத பக்கம்.

முதலில் அந்த நாடகசாலையைச் சற்றே மனக்கண்ணால் பாருங்கள். மாட்ரிட் நகரில் 1579-இல் ஒன்றும் 1583-இல் மற்றொன்றுமாக இரண்டு நிரந்தர நாடகசாலைகள் எழுந்தன. நாம் இன்று அறிந்த அரங்கம் போன்றவையல்ல அவை. வீடுகள் சூழ்ந்த திறந்த முற்றம். அதன் ஒரு முனையில் மேடை. தரையில் நின்றுகொண்டு கூச்சலிடும் ஆண்கள். மேடைக்கு எதிரே பெண்களுக்கெனத் தனி அடைப்பு. பக்கத்து வீட்டு ஜன்னல்களில் செல்வர். பிற்பகலில் ஆரம்பித்து, பொழுது சாயுமுன் முடித்துவிடுவார்கள். லெந்து நாட்களில் கதவு அடைக்கப்படும். இந்தச் சாலைகளை நடத்தியவை பக்திச் சங்கங்கள். வசூலில் ஒரு பங்கு ஏழைகளுக்கான மருத்துவமனைகளுக்குச் சென்றது. மூர் இனத்தவனைப் போல் வேடமிட்ட நடிகனைக் கண்டு ஒருவன் சிரித்த சிரிப்புக்குக் கொடுத்த காசு, எங்கோ ஒரு நோயாளியின் படுக்கைக்குப் பயன்பட்டது. நன்மையும் தீமையும் இப்படிப் பின்னிக் கிடக்கும்போது, யாரையும் விரைந்து நியாயந்தீர்க்க என் பேனா தயங்குகிறது.

இனி, அந்த மேடைக்குப் பின்னால் நடந்தவை. கி.பி. 711 முதல் ஸ்பெயினில் இஸ்லாமிய ஆட்சி இருந்தது. படிப்படியாகச் சுருங்கி, இறுதியில் கிரனாடா என்னும் ஒரே அரசு எஞ்சியது. அதுவும் 1492 ஜனவரி 2-ஆம் நாள் கத்தோலிக்க அரசர்களான ஃபெர்டினாந்து, இசபெல்லா கையில் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன் 1491 நவம்பரில் கையெழுத்தான உடன்படிக்கையில், தோற்ற மக்கள் தங்கள் மார்க்கத்தையும் மசூதிகளையும் சட்டங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று வாக்களிக்கப்பட்டிருந்தது.

கிரனாடாவின் முதல் பேராயர் எர்னாந்தோ தே தலாவேரா. இவரைக் குறித்து நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மக்களை வற்புறுத்தாமல் அவர்கள் மொழியிலேயே சுவிசேஷத்தைச் சொல்ல வேண்டும் என்று எண்ணியவர் இவர். தம் குருமார் அரபு மொழி கற்க வேண்டுமென்று ஊக்குவித்தார். அந்த முயற்சியின் கனியாக பேத்ரோ தே அல்கலா என்னும் துறவி தொகுத்த அரபு இலக்கணமும் சொற்கோவையும் 1505-இல் கிரனாடாவில் அச்சேறின. மலைநாட்டு ஊர் ஒன்றில், ஆர்கன் இசைக்க வேண்டிய இடத்தில் அந்த மக்களின் பாட்டும் கூத்துமான 'ஸம்ப்ரா' இசைக்கப்படுவதற்கும் இடங்கொடுத்தார். ஆனால் 1499-இல் தொலேதோவின் பேராயர் சிஸ்நேரோஸ் கிரனாடாவுக்கு வந்தார். தலாவேராவின் பொறுமை அவருக்கு மந்தமாகத் தெரிந்தது. கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. அரபு நூல்கள் நகரச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. கலகம் மூண்டது. கலகம் செய்ததால் உடன்படிக்கை முறிந்தது என்று அரசு சொல்லிவிட்டது. 1502-இல் காஸ்டில் அரசின் இஸ்லாமியர் அனைவருக்கும் ஞானஸ்நானம், அல்லது தேசத்தை விட்டு வெளியேற்றம் என்ற இரண்டே வழிகள் வைக்கப்பட்டன. அரகோன், வலென்சியா பகுதிகளுக்கு அந்த நாள் 1520-களின் நடுவில் வந்தது.

இப்படி ஞானஸ்நானம் பெற்றவர்களையும் அவர்கள் சந்ததியையும் 'மொரிஸ்கோ' என்று அழைத்தார்கள். பலர் இரகசியமாகப் பழைய மார்க்கத்தையே கைக்கொண்டார்கள். சிலர் மெய்யாகவே விசுவாசித்தார்கள். அநேகர், தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தாங்களே அறியாதவர்களாய் இருந்தார்கள் என்பது என் எண்ணம். எவ்வாறாயினும், சட்டத்தின்படி அவர்கள் அனைவரும் கிறிஸ்தவர்கள். நடைமுறையில் எவரும் அவர்களைக் கிறிஸ்தவர் என்று நம்பவில்லை.

இந்தப் பின்னணியோடு மேடைக்கு வாருங்கள்.

ஸ்பானிய நாடகத்தில் இஸ்லாமியருக்கு ஒரே முகம் இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு முகம் மிக அழகானது. எல்லைநாட்டு மாவீரன், பட்டு அங்கியும் தலைப்பாகையும் வளைந்த வாளும் அணிந்தவன், காதலில் உருகுபவன், கொடுத்த வாக்கைக் காப்பவன். 1590-களில் லோப்பே எழுதிய 'துன்பத்தில் மருந்து' என்ற நாடகம் இதற்குச் சிறந்த சான்று. அதன் கதை முன்பே ஒரு சிறு நவீனமாக ஸ்பெயின் முழுவதும் வாசிக்கப்பட்டது. அபிந்தராயெஸ் என்னும் மூர் வாலிபன், ஹரீஃபா என்ற கன்னிகையைத் தன் சகோதரி என்று எண்ணியே வளர்கிறான். உண்மை தெரிந்தபின் அவளை மணக்க இரவில் குதிரையேறிச் செல்கிறான். வழியில் கிறிஸ்தவக் கோட்டைத் தலைவன் ரொத்ரிகோ தே நர்வாயெஸிடம் சிறைப்படுகிறான். வீரன் ஒருவன் இப்படிப் பெருமூச்சு விடுவானேன் என்று நர்வாயெஸ் விசாரிக்க, காதல் கதை வெளிவருகிறது. மூன்று நாளில் திரும்பி வருவதாக வாக்குக் கொடு, போய் வா என்று விடுவிக்கிறான். வாலிபன் போய் மணமுடிக்கிறான். சொன்னபடியே திரும்பியும் வருகிறான், மனைவியோடு. நர்வாயெஸ் இருவரையும் விடுதலை செய்து, பெண்ணின் தகப்பனோடு ஒப்புரவாகவும் வழிசெய்கிறான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விடுதலைக்கு நிபந்தனையாக மதமாற்றம் கேட்கப்படவில்லை. ஒரு மனிதனின் சொல் மட்டுமே கேட்கப்பட்டது. வேற்று மார்க்கத்தானின் சொல்லை நம்பி வாசலைத் திறந்துவிடும் ஒரு கிறிஸ்தவனை மாட்ரிட் மக்கள் கைதட்டி வரவேற்றார்கள். லோப்பே இந்த நாடகத்தை 1620-இல் அச்சிட்டபோது தம் மகள் மார்செலாவுக்கு அதை உரிமையாக்கினார். அவள் சிறிது காலத்தில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். மகளின் கையில் கொடுக்கத் தகுந்த கதை என்று அவர் எண்ணியிருக்கிறார்.

கால்தெரோன் 1629-இல் எழுதிய 'உறுதிகுலையாத இளவரசன்' என்ற நாடகத்திலும் இப்படியொரு மூர் வீரன் வருகிறான். பெயர் முலே. போர்ச்சுகீசிய இளவரசன் பெர்னாந்தோ அவனைச் சிறைப்பிடித்து, அவன் காதல் துயரைக் கேட்டு மீட்புப்பணம் வாங்காமல் விடுவிக்கிறான். பிறகு நிலைமை தலைகீழாகிறது. பெர்னாந்தோ ஃபெஸ் அரசனிடம் அடிமையாகிறான். முலே தன் உயிரைப் பணயம் வைத்து அவனைத் தப்புவிக்க முனைகிறான். இளவரசனோ, உன் அரசனுக்கு நீ துரோகம் செய்யலாகாது என்று மறுத்துவிடுகிறான். சியூட்டா நகரைக் கொடுத்தால் விடுதலை என்றபோதும், கிறிஸ்தவ ஆலயங்கள் உள்ள நகரைக் கொடுப்பதைவிடச் சாவதே மேல் என்கிறான். வரலாற்றில் அந்த முடிவை எடுத்தது சிறையிலிருந்த இளவரசன் அல்ல. போர்ச்சுகல் அரசவையில் வாதிட்டு எடுக்கப்பட்ட முடிவு அது. 1437-இல் டாஞ்சியரில் பிடிபட்டவர் 1443-இல் ஃபெஸ் நகரில் இறந்தார். சாட்சி மரணத்தை எழுதும் ஆசிரியர்கள் இப்படிச் சில இடங்களில் பேனாவைச் சற்று அழுத்திவிடுவது வழக்கந்தான்.

பெருந்தன்மையுள்ள மூர் வீரனுக்கு எதிராக, வாய்வீச்சு மூர் ஒருவனும் மேடையில் இருந்தான். அவன் பெயர் தார்ஃபே. கிரனாடா முற்றுகையின்போது, மரியாளை வாழ்த்தும் ஜெபத்தின் எழுத்துகளைத் தன் குதிரையின் வாலில் கட்டி, கிறிஸ்தவப் பாளயத்தின் முன்னே சவாரி செய்து சவால் விட்டானாம். கார்சிலாசோ என்ற இளைஞன் அவனைக் கொன்று அந்த எழுத்துகளை மீட்டானாம். லோப்பே இதை மேடையேற்றினார், பின்வந்தவர்களும் விடவில்லை. ஆனால் வழங்கிவரும் அதே கதைக்கு ஒரு முற்பகுதியும் உண்டு: இரவில் நகருக்குள் நுழைந்த ஒரு கிறிஸ்தவ வீரன், அந்த எழுத்துகளை மசூதியின் கதவில் அறைந்துவிட்டுப் போனதே தொடக்கம். குதிரை வாலைப் பார்த்துக் கொதித்த ஜனங்களில் எத்தனை பேர் மசூதிக் கதவை நினைத்திருப்பார்கள்?

அன்பானவர்களே, இதுவரை சொன்ன மூர்கள் அனைவரும் ஒரு விதத்தில் ஒன்றுபோன்றவர்கள். வீரனானாலும் வாய்வீச்சுக்காரனானாலும் அவர்கள் எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள், அல்லது நூறு இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள். அவர்களைப் புகழ்வதால் எந்தச் செலவும் இல்லை. அடுத்த தெருவில் கழுதை ஓட்டியும் காய்கறி விற்றும் வாழ்ந்த மொரிஸ்கோ மேடைக்கு வந்தபோது கதை வேறாயிற்று.

அவன் கோமாளியாக வந்தான். ஸ்பானிய மொழியைச் சிதைத்துப் பேசுவான். 'ஸ' வரவேண்டிய இடமெல்லாம் 'ஷ' என்பான். வினைச்சொற்களைத் திருப்பத் தெரியாமல் மொட்டையாகச் சொல்வான். பன்றியிறைச்சியைக் கண்டால் ஓடுவான். திராட்சரசத்தை ஒளிந்து குடிப்பான். பணத்தைப் புதைத்து வைப்பான். மேடையில் அவன் வாயைத் திறந்தாலே முற்றம் அதிரும். ஆனால் காஸ்டில், அரகோன் பகுதிகளின் மொரிஸ்கோக்களில் மிகப் பெரும்பாலோர் அண்டை வீட்டாரைப் போலவே ஸ்பானிய மொழி பேசினார்கள். அரபு மொழி அவர்களுக்கு மறந்தே போயிருந்தது. தங்கள் மார்க்க நூல்களையே ஸ்பானிய மொழியில், அரபு எழுத்துகளைக்கொண்டு எழுதி மறைத்து வைத்தார்கள். 1884-இல் அல்மொனாசித் தே லா சியெர்ரா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த் தளத்துக்குக் கீழே அத்தகைய கையெழுத்துப் பிரதிகள் ஏராளமாக வெளிப்பட்டன. மேடைக்கு இந்த விவரம் தேவைப்படவில்லை. சிரிக்க வைத்த குரல் ஒன்று கிடைத்துவிட்டது. அதையே தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திக்கொண்டது.

உடையிலும் இதே முரண்பாட்டைக் காணலாம். பெருமக்கள் திருவிழா நாட்களில் குதிரையேறி நாணற்கோல் எறிந்து விளையாடும் ஒரு விளையாட்டு இருந்தது. அதற்கு அவர்கள் விரும்பி அணிந்தது மூர்களின் பட்டு அங்கியையும் தலைப்பாகையையும். 1567-இல் இரண்டாம் பிலிப்பு மன்னரின் ஆணை, கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் தங்கள் உடையை அணியக் கூடாது, அரபு பேசவோ எழுதவோ கூடாது, ஸம்ப்ரா ஆடக் கூடாது, குளியல் கூடங்களுக்குப் போகக் கூடாது, பெண்கள் முகத்தை மூடக் கூடாது என்று தடுத்தது. சீமான் அணிந்தால் அலங்காரம். உரியவன் அணிந்தால் குற்றம்.

அந்த ஆணைக்கு எதிராக ஒரு முதியவர் மனு எழுதினார். பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலே. மொரிஸ்கோ உயர்குடியினர். சிறுவனாயிருந்தபோது பேராயர் தலாவேராவிடம் பணிவிடை செய்தவர். அவரோடு மலைநாட்டுக்குச் சென்றவர். ஸம்ப்ராவை அந்தப் பரிசுத்தவான் ஆலய வழிபாட்டில் அனுமதித்ததைக் கண்ணால் கண்டு, கிரனாடா உயர்நீதிமன்றத் தலைவருக்கு எழுதிய மனுவில் சாட்சி சொன்னவர் அவரே. அவர் வாதம் எளியது, மறுக்க அரியது. உடை என்பது ஊரின் வழக்கம். மார்க்கத்தின் அடையாளம் அல்ல. எருசலேமிலும் சீரியாவிலும் கிறிஸ்தவர்கள் அரபு பேசுகிறார்கள், அந்த நாட்டாரைப் போலவே உடுத்துகிறார்கள்; அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லவா? கிராமத்துக் கிழவிகள் இந்த வயதில் எப்படி வேற்று மொழி கற்பார்கள்? இருக்கும் துணியை எறிந்துவிட்டுப் புதிது வாங்க ஏழைக்குப் பணம் ஏது? மனு தள்ளப்பட்டது.

1568 கிறிஸ்துமஸ் காலத்தில் அல்புஹாரா மலைகளில் கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் மலைக்கிராமங்களின் குருமாரையும் கிறிஸ்தவர்களையும் கொடூரமாய்க் கொன்றார்கள். இதை மறைப்பது சத்தியத்துக்கு அடுத்ததல்ல. அரசின் படைகள் செய்தவையும் அதற்குக் குறைந்தவையல்ல. 1570-இல் மன்னரின் சகோதரன் தோன் ஹுவான் தே ஆஸ்திரியா, காலேரா என்ற ஊரைப் பிடித்து அழித்தார். அந்த மண்ணில் உப்பு தூவப்பட்டது. கலகம் அடங்கியபின் கிரனாடா மொரிஸ்கோக்களில் சுமார் 80,000 பேர் காஸ்டில் ஊர்களெங்கும் சிதறடிக்கப்பட்டார்கள். மாட்ரிட், தொலேதோ மக்கள் தங்கள் சொந்தத் தெருக்களில் மொரிஸ்கோக்களை அதிகமாகக் காணத் தொடங்கியது அப்போதுதான். நாடக முற்றங்கள் எழுந்ததும் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்தான். கோமாளி மொரிஸ்கோவின் செழிப்பான காலத்தை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வரிசையில் செர்வாண்டிஸ் தனித்து நிற்கிறார். மற்றவர்கள் மூரைக் கதைகளில் கண்டார்கள். இவர் 1575 முதல் 1580 வரை அல்ஜீர்ஸ் நகரில் அவர்களின் அடிமையாகவே இருந்தார். நான்கு முறை தப்ப முயன்று பிடிபட்டார். மீட்புப்பணியில் ஈடுபட்ட துறவி ஹுவான் ஹில் 500 பொற்காசு கட்டி அவரை மீட்டார். பழிவாங்க யாருக்காவது உரிமை இருந்திருக்குமானால் இவருக்கு இருந்திருக்கும். 'அல்ஜீர்ஸின் அடிமைக்கூடங்கள்' என்ற இவர் நாடகத்தில் கொடுமை மறைக்கப்படவில்லை; பிரான்சிஸ்கித்தோ என்ற பாலகன் விசுவாசத்தைவிட மறுத்து அடிபட்டு மரிக்கிறான். ஆனால் அதே நாடகத்தில், அடிமைகள் தங்கள் கூடத்தில் ஈஸ்டர் ஆராதனை நடத்தவும் நாடகம் போடவும் எஜமான்கள் இடங்கொடுப்பதையும் எழுதுகிறார். கிறிஸ்தவக் கோவில் பணியாளன் ஒருவன், தன்னைப்போலவே ஒடுக்கப்பட்ட யூதனின் உணவைத் திருடி அவனை இம்சிப்பதையும் எழுதுகிறார். 'மாபெரும் சுல்தானா' என்ற நாடகத்தில் துருக்கியச் சுல்தான், தான் விரும்பிய ஸ்பானியப் பெண் கிறிஸ்தவளாகவே இருக்க இசைந்து அவளை மணக்கிறான். இந்த நாடகங்களை 1615-இல் அச்சிட்டபோது, இவை ஒருபோதும் மேடையேறாதவை என்று தலைப்பிலேயே சேர்த்துவிட்டார் செர்வாண்டிஸ். உள்ளே இருந்து பார்த்தவனின் சாட்சியைக் கேட்க நாடகக்குழுக்கள் விரும்பவில்லை.

அதற்குள் மொரிஸ்கோக்களின் கதை முடிந்துகொண்டிருந்தது. மூன்றாம் பிலிப்பு மன்னரின் ஆணை 1609 செப்டம்பரில் வலென்சியாவில் முரசறையப்பட்டது. அதற்கு வாதாடியவர்களில் முக்கியமானவர் அந்த நகரின் பேராயர் ஹுவான் தே ரிபேரா. பல ஆண்டுகள் மொரிஸ்கோக்களுக்குப் போதித்து, பலன் காணாமல் மனமுறிந்தவர். தலாவேராவையும் இவரையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஒரே திருப்பணியின் இரு முனைகள். 1614-க்குள் சுமார் 300,000 பேர் தேசத்தைவிட்டு அனுப்பப்பட்டார்கள். ஞானஸ்நானம் பெற்ற சிறு பிள்ளைகளை இஸ்லாமிய நாடுகளுக்கு அனுப்பலாமா, தாயிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொள்ளலாமா என்று இறையியலார் தர்க்கித்தார்கள். வலென்சியாத் துறைமுகங்களில் கப்பல்கள் காத்திருந்தன.

எல்லாம் முடிந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின், 1633 வாக்கில் கால்தெரோன் ஒரு நாடகம் எழுதினார். 'மரணத்துக்குப் பின்னும் அன்புகூருதல்' என்று அதற்குப் பெயர். களம், அல்புஹாரா கலகம். அந்தப் போரில் சிப்பாயாக இருந்த ஹினெஸ் பெரெஸ் தே ஹித்தா எழுதிய நூலிலிருந்து கதையை எடுத்திருக்கிறார்.

தொடக்கத்தில் கதவடைத்த ஒரு வீட்டில் மொரிஸ்கோக்கள் வெள்ளிக்கிழமை கூடி ஆடிப்பாடுகிறார்கள். கதவு தட்டப்படுகிறது. எல்லாரும் நடுங்குகிறார்கள். வந்தவர் முதியவர் மாலெக். கிரனாடா நகரசபை உறுப்பினர். புதிய ஆணைகள் சபையில் வாசிக்கப்பட்டபோது, தாம் எழுந்து பணிவாக எதிர்த்துப் பேசியதாகவும், மெந்தோசா என்ற உயர்குடிக் கிறிஸ்தவன் வாக்குவாதத்தில் தம் கைத்தடியைப் பிடுங்கித் தம்மையே அடித்துவிட்டதாகவும் சொல்லி அழுகிறார். வயது சென்ற ஒரு மனிதனின் ஊன்றுகோல்! நூன்யெஸ் முலேயின் மனு எந்த அலமாரியில் கிடந்ததோ, அதன் எதிரொலி மாட்ரிட் மேடையில் கேட்டது. மாலெக்குக்கு மகன் இல்லை. மகள் கிளாரா மட்டுமே. தகப்பன் அவமானத்தைத் துடைக்க முடியாமல் பெண்ணாய்ப் பிறந்தேனே என்று அவள் கலங்குகிறாள். அவளை நேசிக்கும் துஸானி, மருமகனாகி அந்தக் கடனைத் தீர்க்க முன்வருகிறான். ஒரு தடியடியிலிருந்து போர் மூளுகிறது.

காலேரா வீழ்ந்த இரவில் கார்செஸ் என்ற சிப்பாய் கிளாராவை அவள் நகைகளுக்காகக் கொல்லுகிறான். துஸானி எரியும் ஊருக்குள் வந்து அவள் உயிர் பிரியும் நேரத்தில் அவளைக் கண்டடைகிறான். பின்பு ஸ்பானியச் சிப்பாயாக வேடமிட்டுப் பாளயத்துக்குள் நுழைகிறான். அவன் மொழி பிசகாதிருப்பதால் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. இதைக் கால்தெரோன் வேண்டுமென்றே வைத்தார் என்று நான் எண்ணுகிறேன். காவற்கூடத்தில் கார்செஸே தன் செயலை அவனிடம் கதையாகச் சொல்லுகிறான். துஸானி அவனைக் கொல்லுகிறான். பிடிபட்டபோது யார், ஏன் என்று மறைக்காமல் சொல்லுகிறான். கேட்டு நின்ற கிறிஸ்தவத் தளபதி, இந்தச் செயல் தண்டனைக்கல்ல, புகழுக்கே உரியது என்று பரிந்து பேசுகிறான். மன்னிப்போடு நாடகம் முடிகிறது.

கலகம் நியாயமென்று கால்தெரோன் சொல்லவில்லை. அரசனின் ஆணையை மேடையில் எதிர்ப்பது அவர் காலத்தில் நடவாத காரியம். பழைய கோமாளியையும் அவர் விடவில்லை. அவன் பெயர் அல்குஸ்குஸ். அந்த மக்கள் உண்ணும் குஸ்குஸ் என்ற உணவின் பெயரையே மனிதனுக்குச் சூட்டியிருக்கிறார். உடைந்த மொழி பேசுகிறான். திராட்சரசத்தை விஷமென்று நம்பி, சாகத் துணிந்து குடித்துவிட்டு உறங்கிப்போகிறான். கிளாராவின் மரணத்துக்கு அழுத அதே ஜனங்கள் அதே மாலையில் அவனைக் கண்டு சிரித்தார்கள். இவை இரண்டும் ஒரே நாடகத்தில் இருப்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஆயினும் துஸானி காப்பியக் காலத்து எல்லை வீரன் அல்லன், மொரிஸ்கோ, ஞானஸ்நானப் பெயர் அல்வாரோ. அருகே வாழ்ந்தவனுக்கும் மானம் உண்டு, துக்கம் உண்டு என்று அந்த மேடை தயக்கத்தோடாவது ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டபோது முற்றத்தில் நின்று கேட்க மொரிஸ்கோக்கள் இல்லை.

இடையில் ஒரு சிறு குறிப்பு. ஐபீரியாவில் வழங்கிய இந்த 'மூர்' என்ற பெயர் கடல் கடந்தும் சென்றது. போர்ச்சுகீசியர் இலங்கைக்கு வந்தபோது அங்கே கண்ட இஸ்லாமியரையும் அப்படியே அழைத்தார்கள். நாம் சோனகர் என்று சொல்லும் மக்களை அந்தத் தீவின் ஆங்கில ஆவணங்கள் இன்றளவும் மூர் என்றே குறிக்கின்றன. ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் தீவுகளில் கண்ட இஸ்லாமியருக்கும் 'மோரோ' என்றே பேரிட்டார்கள். காணாத நாட்டு மக்களுக்கும் முகம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

துரத்தப்பட்டவர்களில் பலர் டூனிஸ் நகரில் குடியேறினார்கள். ஸ்பெயினில் அவர்கள் மூர்கள். டூனிஸில் அவர்கள் அரபு தெரியாத அந்நியர். அவர்களுக்கு இஸ்லாமிய வாழ்க்கை நெறியைக் கற்பிக்க ஒருவர் ஒரு நூல் எழுதினார். தம் பெயரை எழுதி வைக்கவில்லை. எழுதிய மொழி ஸ்பானியம், ஏனெனில் அவருக்கும் வாசிப்பவர்களுக்கும் தாய்மொழி அதுவே. அந்த நூலின் நடுவே, மனைவியை நேசிப்பதைப் பற்றியும் உலகத்தின் நிலையாமையைப் பற்றியும் பேசும்போது, அவர் லோப்பே தே வேகாவின் கவிதைகளை எடுத்தாளுகிறார். மாட்ரிட் மேடைகள் தம் இனத்தாரை நகைத்த நாட்களிலேயே அவற்றின் தலைசிறந்த கவிஞரை அவர் நேசித்து நெஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். கடல் கடந்தபோது அந்த அடிகளும் அவரோடு போயின. அந்தக் கையெழுத்துப் பிரதி பிற்காலத்தில் ஸ்பெயினுக்கே திரும்பி வந்து, இன்று மாட்ரிட்டில் உள்ள வரலாற்றுக் கழகத்தின் நூலகத்தில் இருக்கிறது.